கம்பி இல்லாமல் மணி அடித்தவர்

கிணற்று நீரைப் பருகுவோர் பலர். கிணறு வெட்டியவரை எண்ணிப் பார்ப்போர் சிலர். விஞ்ஞானத்தின் பயனை நாள்தோறும் நுகரும் நமக்கு இது முற்றிலும் பொருந்தும். பெங்களூரில் வாடகை வீடுகளில் தங்கிப் படிக்கும் நம்மையே எடுத்துக்கொள்வோம். வீட்டின் ஒரு மூலையில் ரூட்டர் என்னும் சிறு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் அலைகள் கண்ணுக்குத் தெரியாமல் அறை அறையாகப் பரவுகின்றன. கைப்பேசியும் மடிக்கணினியும் அவற்றைப் பற்றிக்கொண்டு உலகத்தோடு உறவாடுகின்றன. ஆனால் மேசைமேல் உள்ள பழைய கணினி மட்டும் செவிடாய் நிற்கிறது. அதற்கு நினைவாற்றல் குறைவில்லை. கணக்கிடும் திறமும் குறைவில்லை. அலையைக் கேட்கும் காது ஒன்றுதான் இல்லை. கட்டைவிரல் அளவுள்ள ஒரு துண்டைக் கடையில் வாங்கிச் செருகுகிறோம். உடனே காது முளைத்துவிடுகிறது!

அந்தச் செயற்கைக் காதின் வரலாற்றைத் தேடிக்கொண்டு போகிறவர் மேல்நாடுகளோடு நின்றுவிட முடியாது. 1895ஆம் ஆண்டின் கல்கத்தாவுக்கும் போக வேண்டும். அங்கே ஒரு கல்லூரியில், குளியலறையை ஒட்டிய சிற்றறையில், தகர வேலை செய்யும் தொழிலாளி ஒருவரைத் துணையாகக் கொண்டு, கம்பியில்லாச் செய்திக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொண்டிருந்த ஒரு பேராசிரியரைக் காண வேண்டும். அவரே ஜகதீச சந்திர போஸ். செடி கொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் அவரை அறிந்திருக்கிறோம். அது அவருடைய வாழ்வில் ஒரு பாதி. அலைகளோடு அவர் பழகிய மறு பாதியையும் நாம் அறிய வேண்டும்.

இளமை

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங் என்னும் ஊரில் போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கில ஆட்சியில் துணை நீதிபதிப் பதவி வகித்தவர். பிரம்ம சமாசத்தைச் சார்ந்தவர். அக்காலத்தில் பதவியில் இருந்தவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினார்கள். பகவான் சந்திரரோ தம் மகனை வங்காளப் பள்ளிக்கு அனுப்பினார். தாய்மொழியைக் கற்ற பிறகே பிற மொழியைக் கற்க வேண்டும். தம் மக்களை அறிந்த பிறகே பிற மக்களை அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

பள்ளியில் போஸின் ஒரு பக்கத்தில் தந்தையாரின் முஸ்லிம் பணியாளருடைய மகன் உட்கார்ந்தான். மறு பக்கத்தில் ஒரு மீனவரின் மகன் உட்கார்ந்தான். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அந்தத் தோழர்கள் சொன்ன கதைகளே அவருடைய முதல் விஞ்ஞானப் பாடம். புத்தகம் சொல்லாததை ஆறும் வயலும் சொல்லின. மண்ணில் கால் ஊன்றிய கல்வி எவ்வளவு உயரத்துக்கும் ஒருவனைத் தாங்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பிறகு கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும், செயிண்ட் சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியில் பௌதிகம் கற்பித்த லாஃபோன் பாதிரியார், சோதனைகளைச் செய்து காட்டிக் கற்பிப்பதில் வல்லவர். கருவிகளின்மேல் போஸுக்குக் காதல் பிறந்தது அங்கேதான்.

1880இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார். ஆனால் காய்ச்சல் அவரை விடவில்லை. பிண அறுவைக் கூடத்தின் நாற்றம் அந்நோயை மேலும் வளர்த்தது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். ரேலி பிரபு போன்ற பேரறிஞர்கள் அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்கள். கேம்பிரிட்ஜ், லண்டன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பட்டங்களோடு தாயகம் திரும்பினார்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் பதவி கிடைத்தது. சென்னையில் நாம் மாநிலக் கல்லூரி என்று அழைக்கும் கல்லூரிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். பதவி கிடைத்ததே தவிர மதிப்புக் கிடைக்கவில்லை. ஒரே வேலையைச் செய்தாலும் ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் பதவி தற்காலிகமானது என்று காரணம் காட்டி அதிலும் பாதியே தருவதாகச் சொன்னார்கள்.

அவர் கூச்சல் போடவில்லை. வேலையை விட்டு விலகவும் இல்லை. சம்பளத்தைத் தொட மறுத்தார். நாள் தவறாமல் கல்லூரிக்குச் சென்று பாடம் நடத்தினார். ஒரு மாதம் அன்று, இரண்டு மாதம் அன்று; மூன்று ஆண்டுகள் இப்படியே நடந்தன. அப்போது குடும்பம் செல்வத்தில் திளைக்கவில்லை. சுதேசித் தொழில்களில் பணம் போட்டு இழந்த தந்தையார் கடனில் மூழ்கியிருந்தார். அந்த நிலையிலும் மகன் தளரவில்லை. முடிவில் சர்க்கார் இறங்கி வந்தது. பதவி நிலையாக்கப்பட்டது, முதல் நாளிலிருந்து கணக்கிட்டு முழுச் சம்பளமும் மொத்தமாக வந்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

1887இல் அவர் அபலா என்னும் மங்கையை மணந்தார். அந்த அம்மையாருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியின் கதவு பெண்களுக்குத் திறக்காத அந்தக் காலத்தில், வங்க சர்க்காரின் உதவித்தொகையோடு 1882இல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அவர். உடல்நலம் குன்றியதால் படிப்பை முடிக்க இயலாமல் போயிற்று. மொழி தெரியாத ஊரில் தனித்துப் படித்த துணிவு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. வேற்று மாநிலத்தில் வந்து படிக்கும் நமக்கு அந்தத் துணிவின் அருமை தெரியும். பிற்காலத்தில் பெண் கல்விக்காகப் பெருந்தொண்டு செய்து, 1951இல் அவர் மறைந்தார்.

சிற்றறையில் பிறந்த சிற்றலை

மின்சாரமும் காந்தமும் கூடிய அலைகள் வெளியில் பரவ முடியும் என்று மாக்ஸ்வெல் கணிதத்தால் காட்டியிருந்தார். அத்தகைய அலைகள் உண்டு என்று 1887, 1888ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் சோதனையால் நிறுவினார். 1894இல் ஹெர்ட்ஸ் இளம் வயதிலேயே இறந்தார். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதைப் படித்த போஸின் உள்ளத்தில் பொறி பற்றியது. தம் 36ஆம் பிறந்த நாளில், இனி வாழ்வை ஆராய்ச்சிக்கே தருவது என்று உறுதி கொண்டார்.

உறுதி இருந்தது, ஆராய்ச்சிச் சாலை இல்லை. கருவிகள் இல்லை, பொருளுதவி இல்லை, வகுப்புகளுக்கு இடையே கிடைக்கும் ஓய்வைத் தவிர நேரமும் இல்லை. குளியலறைக்குப் பக்கத்துச் சிற்றறையே அவருடைய ஆராய்ச்சிச் சாலை ஆயிற்று.

இடமின்மையே அவருக்குத் துணை புரிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஹெர்ட்ஸின் அலைகள் நீண்டவை; அவற்றைக் கொண்டு ஒளியைப்போல் சோதனை செய்யப் பெரிய ஆடிகளும் பெரிய கூடமும் வேண்டும். போஸ் அலையைச் சுருக்கினார். 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். அலை சுருங்கவே, கருவிகள் யாவும் ஒரு மேசைமேல் அடங்கின. பொறி எழுப்பும் சிறு உலோகக் குண்டுகள், அலைகளைத் திரட்டும் புனல் வடிவக் குழல், கந்தகத்தால் வார்த்த வில்லை, அலை வந்ததை அறிவிக்கும் ஏற்பி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் படைத்தார். அலைகளை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் வடிகட்டி ஒன்று வேண்டியிருந்தது. ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஏடுகளுக்கு இடையே மெல்லிய உலோகத் தகடுகளை வைத்தார், வடிகட்டி தயார். வங்காளத்துச் சணலை முறுக்கி வைத்து, அது அலையின் தளத்தைத் திருப்புவதையும் காட்டினார். வறுமை அவருடைய கற்பனைக்கு அணை போடவில்லை, வாய்க்கால் வெட்டியது.

1895இல் அந்த அரிய காட்சி நிகழ்ந்தது. ஒரு பக்கத்தில் பொறி எழுப்பும் கருவி. 23 மீட்டருக்கு அப்பால் ஏற்பி. நடுவே இரண்டு சுவர்கள். கம்பி ஏதும் இல்லை. இங்கே பொறி எழுந்ததும் அங்கே மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. மந்திரம் என்று எண்ணியிருப்பார்கள் சிலர். மந்திரம் அன்று, மின்காந்த அலை!

அந்த அலையின் அதிர்வெண் 60 கிகாஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அலை சுருங்கச் சுருங்கச் சுவரைக் கடப்பது அரிதாகும் என்று பௌதிகம் சொல்கிறது. பொறியில் பிறக்கும் அலைகள் ஒரே நீளமாக இருப்பதில்லை; நீண்ட அலைகளும் அதில் கலந்திருக்கும். இரண்டு சுவர்களைத் தாண்டியதில் அவற்றின் பங்கும் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். எப்படியாயினும், சுவருக்கு அப்பால் இருக்கும் கருவிக்குக் கம்பி இல்லாமல் செய்தி சொல்லலாம் என்பதை ஓர் இந்தியர் 1895இல் காட்டிவிட்டார்.

கல்லும் ஊசியும்

அலையை அனுப்புவது பாதி வேலைதான். வந்த அலையை அறிவது மறு பாதி. பழைய ஏற்பிகளில் உலோகத் தூள் இருக்கும். ஒரு முறை அலை பட்டால் தூள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அலைக்காக அதைத் தட்டி உதிர்க்க வேண்டும். போஸ் இதைவிட நுண்மையான வழியைத் தேடினார். கலீனா என்பது ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாதுக்கல். அதன்மேல் உலோக முனை ஒன்றை மெல்லத் தொட வைத்தார். அலை வந்து படும்போதெல்லாம் அந்தத் தொடுமுனை தானே மின்சாரத்தில் மாறுதலைக் காட்டிற்று. தட்டவும் வேண்டாம், உதிர்க்கவும் வேண்டாம். இக்காலத்தில் குறைகடத்தி என்று நாம் படிக்கும் பொருளைக் கருவியாக்கி, அதற்குக் காப்புரிமை பெற்ற முதல் முயற்சி இதுவே.

நம் மேசைக் கணினிக்குத் திரும்பி வருவோம். உள்ளே கம்பியில்லா ஏற்பி அமையாத கணினியை வீட்டு வலையத்தில் சேர்க்க இன்று வழிகள் பல. ரூட்டர் அருகில் இருந்தால் ஈதர்நெட் கம்பியே போதும். 100 மீட்டர் வரை அது குறைவின்றிச் செய்தியைக் கடத்தும். கம்பி இழுக்க வீட்டுக்காரர் இசையாவிட்டால் யூ.எஸ்.பி. துளையில் செருகும் டாங்கிள் இருக்கிறது. கணினியின் மூடியைத் திறக்கத் தயங்காதவர்கள் உள்ளே பொருத்தும் அட்டையை வாங்கலாம். ஒன்றும் வாங்க முடியாத மாதக் கடைசியில், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்தால், அந்தக் கைப்பேசியே வைஃபையைக் கேட்டுக் கணினிக்கு எடுத்துச் சொல்லும்.

எங்கள் வீட்டில் நால்வர் இருக்கிறோம். மூத்த மாணவர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுச்சென்ற கணினிதான் எனக்கு. எஸ்.பி. சாலையில் ஒரு சிறு கடையில் டாங்கிள் வாங்கி வந்து இணைத்தேன். கணினியின் பின்புறத்தில் செருகினால் அலை நலிந்தது. ஒரு முழம் நீட்டுக் கம்பியில் மாட்டி மேசைமேல் வைத்தால் வலுத்தது. கணினியின் தகரப் பெட்டி அலையை மறைக்கிறது. வேறு காரணம் இல்லை. ஏடுகளுக்கு இடையே உலோகத் தகட்டை வைத்த போஸுக்கு இது நன்றாகத் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12 செண்டிமீட்டர் நீளமுள்ளது. சுவர்களை ஓரளவு தாண்டி வரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி நீளம். விரைவு மிகுதி, சுவரைக் கண்டால் சோர்வும் மிகுதி. டாங்கிளைப் பேச வைக்கும் டிரைவர் என்னும் மென்பொருளையும் நிறுவிவிட்டால் வேலை முடிந்தது. இத்தனைக்கும் அடிப்படையான பாடங்கள், அந்தக் கல்கத்தாச் சிற்றறையில் படித்த பாடங்கள்தாம்.

விற்க மறுத்த கை

1896இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான டாக்டர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு லிவர்பூலில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் பேரவையில் தம் கருவிகளை அவர் இயக்கிக் காட்டினார். முதியவரான கெல்வின் பிரபு, நொண்டும் காலோடு மாடிப்படி ஏறிச் சென்று, பெண்கள் பகுதியில் இருந்த அபலா அம்மையாரின் கைகளைப் பற்றிக் கணவரின் வெற்றிக்கு வாழ்த்துக் கூறினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சொற்பொழிவு. அடிமை நாட்டிலிருந்து சென்றவருக்கு அறிவு நாட்டில் ஆசனம் கிடைத்தது.

கம்பியில்லாத் தந்தி பெரும் வாணிகமாக வளரத் தொடங்கிய காலம் அது. 1901இல் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் போஸை நாடி வந்தார். ஏற்பியின் நுணுக்கத்தை வெளியே சொல்லாமல் காப்புரிமை எடுத்துக்கொள்ளும்படி வேண்டினார். இலாபத்தில் பங்கு தருவதாக ஆசை காட்டினார். போஸ் மறுத்தார். அறிவு ஒருவனுடைய பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் அன்று என்பது அவர் நெஞ்சில் ஊறிய கொள்கை. நண்பர்கள் விடவில்லை. நிவேதிதை அம்மையாரும் அமெரிக்க நண்பரான சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால், கலீனா ஏற்பிக்கு 1901இல் அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது. 1904 மார்ச் 29ஆம் நாள் காப்புரிமை வந்தது. அதிலிருந்து பொருள் ஈட்ட அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை.

அதற்குள் உலகம் வேகமாகச் சென்றுவிட்டது. இரும்பும் பாதரசமும் கொண்ட ஓர் ஏற்பியைத் தொலைபேசியோடு இணைத்துக் கேட்கும் முறையை 1899இல் ராயல் சொசைட்டியின் முன் போஸ் வெளியிட்டிருந்தார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த குறியைக் கேட்டதாக அறிவித்தபோது, அவர் கையில் இருந்ததும் பாதரச ஏற்பியும் தொலைபேசியுமே. இந்த உறவைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 1909இல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் ஃபெர்டினண்ட் பிரௌனுக்கும் சென்றது. மார்க்கோனியின் உழைப்பைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அவர் நெடுந்தொலைவை வென்றார், தொழிலை நிறுவினார். போஸ் அலையின் இயல்பை ஆராய்ந்தார். இருவர் பாதையும் வேறு.

அலையிலிருந்து இலைக்கு

ஏற்பிகளை ஆராய்ந்தபோது போஸ் ஒன்றைக் கண்டார். ஓயாமல் வேலை செய்த ஏற்பி களைப்படைவதுபோல் மந்தமாகிறது. ஓய்வு தந்தால் தெளிகிறது. உலோகத்துக்கே இப்படியென்றால் உயிருள்ள செடிக்கு எப்படி? இந்தக் கேள்வி அவரை முழுதும் பற்றிக்கொண்டது. செடியின் வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை அமைத்தார். உயிர் நூலார் பலர் ஐயுற்றார்கள். சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் சோதனைகளால் விடை சொல்லிக்கொண்டே இருந்தார்.

1915இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917இல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். அங்கே காணும் உண்மைகள் யாவும் உலகத்தின் பொதுச் சொத்து, அவற்றுக்குக் காப்புரிமை எடுப்பதில்லை என்று அன்றே அறிவித்தார். 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23ஆம் நாள், இன்று ஜார்க்கண்டில் உள்ள கிரிடி என்னும் ஊரில், 79ஆம் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மறைந்தார்.

நாம் கற்க வேண்டியது

போஸின் தியாகத்தைப் போற்றுவது எளிது. ஆனால் போற்றுவதோடு நின்றால் பாதி உண்மையைத்தான் கண்டவர்களாவோம். அவர் அலைகளை விட்டு இலைகளிடம் சென்ற பிறகு, நம் நாட்டில் அந்தத் துறை ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தது. பிரசிடென்சி கல்லூரியில் பயின்ற சிசிர் குமார் மித்ரா, 1920களில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வானொலி ஆராய்ச்சியைத் தொடங்கிய பிறகே விளக்கு மீண்டும் எரிந்தது. அந்த இடைக்காலத்தில்தான் மேல்நாடுகளில் தொழிற்சாலைகள் எழுந்தன; ஆயிரம் ஆயிரம் பொறியாளர்கள் உருவானார்கள். விற்க மறுத்ததால் நாம் இழக்கவில்லை. தொடர்ந்து செய்ய ஆள் இல்லாததால் இழந்தோம். இது ஒருவர் குற்றம் அன்று. ஆராய்ச்சிக்கு அறை கூடத் தராத ஆட்சியில், தொழிலுக்குத் தோள் கொடுப்பார் யார்?

காலம் கடந்தேனும் நன்றி வந்து சேர்ந்தது. 2012இல் ஐ.இ.இ.இ. என்னும் உலகப் பொறியாளர் கழகம் அந்த 1895ஆம் ஆண்டுச் சோதனையை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது. அதே 2012இல் 60 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் வைஃபை முறைக்கும் ஒப்புதல் கிடைத்தது. 117 ஆண்டுகளுக்கு முன் போஸ் தொட்ட அலை கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது!

தமிழருக்கும் இந்தத் தொடர்ச்சியில் பங்கு உண்டு. பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், பல ஆண்டெனாக்களால் ஒரே நேரத்தில் தனித்தனிச் செய்திகளை அனுப்பும் முறையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கண்டார். அதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1992இல் செய்யப்பட்டது. இன்று கடையில் டாங்கிள் வாங்கும்போது, இரண்டு ஆண்டெனா உள்ளதா என்று நாம் கேட்பது அந்த முறையினால்தான். 2014இல் அவருக்குக் கிடைத்த பரிசின் பெயர் மார்க்கோனி பரிசு. வரலாறு சில சமயம் இப்படிப் புன்னகை செய்கிறது.

மாணவ நண்பர்களே! ரயில் அட்டவணையும் சணலும் கொண்டு உலகை வியக்க வைத்தார் ஒருவர். நம்மிடம் அவரிடம் இருந்ததைவிடக் கருவிகள் மிகுதி. கற்றதை ஒளிக்காமல் கொடுக்கும் மனத்தை அவரிடம் கற்போம். கொடுத்ததைப் பற்றிக்கொண்டு மேலே வளர்க்கும் கைகளை நம்மிடையே உண்டாக்குவோம். அறிவும் ஓர் அலைதான். அனுப்புகிறவர் ஒருவர் இருந்தால் போதாது. ஏற்கிறவர் பலர் வேண்டும்.